சார்ந்திருப்பவர்



இந்த இங்கிலாந்து நாட்டில் நாம் நிரப்புகிற விசா படிவங்களில் மனிதரைக் குறிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, முதன்மை விண்ணப்பதாரர். மற்றொன்று, சார்ந்திருப்பவர், நம் மக்கள் பேச்சில் 'டிபென்டன்ட்'. வேலைக்கான விசாவைப் பெற்றவர் முதன்மை விண்ணப்பதாரர் ஆகிறார். அவருடைய மனைவியோ கணவரோ பிள்ளைகளோ சார்ந்திருப்பவர்கள் ஆகிறார்கள். சட்டத்தின் கண்ணில் இது வெறும் வகைப்பாடு. ஆனால் நம்முடைய வீடுகளுக்குள் இந்தச் சொல் வந்து நுழையும்போது எத்தனை இருதயங்களைக் கலக்குகிறது என்பதைக் கடந்த ஓராண்டில் நான் அருகிலிருந்து கண்டேன். இவ்வாரச் சிந்தனையாக அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆயினும் அவர்களுடைய பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் குறிப்பிடவில்லை.

நம் சபையிலுள்ள ஒரு மகள் செவிலியர். குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2023 ஜனவரியில் மூன்று ஆண்டு விசாவோடு இங்கே வந்தாள். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவின் ஒரு பிரிவாகிய ஹெல்த் அண்ட் கேர் விசா அது. இரவுப் பணி முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆராதனைக்கு வந்து, கடைசி இருக்கையில் அமர்ந்து, பிரசங்கத்தின் நடுவே கண்ணயர்ந்துவிடுகிற பிள்ளை. அதற்காக நான் ஒருநாளும் அவளைக் கடிந்துகொண்டதில்லை. 2025 மே மாதத்தில் ஊருக்குப் போய்த் திருமணம் முடித்துத் திரும்பினாள். மணமகன் அங்கே ஒரு தனியார் பாலிடெக்னிக் கல்லூரியில் விரிவுரையாளர். திருமணத்துக்குப் பின் பதினெட்டு நாட்கள் மட்டுமே இருவரும் ஒன்றாக இருந்தார்கள். விடுப்பு முடிந்தது, அவள் வந்துவிட்டாள்.

வந்த வாரத்திலேயே என்னிடம் கேட்டாள்: "ஐயா, அவரை உடனே கூப்பிடலாமா, ஜனவரி வரைக்கும் காத்திருக்கலாமா?"

இந்தக் கேள்வியில் உள்ள முடிச்சைச் சற்று விளக்க வேண்டும். நம்மில் பலருக்கு இது பயன்படும். சார்ந்து வருகிற துணைவரின் விசா, பொதுவாக முதன்மை விண்ணப்பதாரரின் விசா முடிகிற அதே நாளில் முடிகிறது. அவளுடைய விசா 2026 ஜனவரியில் முடியவிருந்தது. ஆகவே 2025 ஜூன் மாதத்தில் விண்ணப்பித்தால் கணவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மாத விசாவே. ஆறு மாதம் கழித்து இருவருமாக மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். இது பணத்தைப் பற்றிய கணக்கு.

அதைவிடக் கனமான ஒரு கணக்கும் இருந்தது. விசாவை நீட்டிக்க வேண்டுமானால் மருத்துவமனை அவளுக்குப் புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை வழங்க வேண்டும். அதைத் தருவோம் என்று ஜூன் மாதத்தில் யாரும் எழுத்தில் உறுதி சொல்லவில்லை. கணவர் தம்முடைய வேலையை விட்டுவிட்டு வந்து, ஜனவரியில் நீட்டிப்புக் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? இருவரும் திரும்ப வேண்டும். ஒருவருக்கும் வேலை இராது. மறுபுறத்தில், காத்திருந்தாலோ, புதிதாக மணமுடித்தவர்கள் இன்னும் எட்டு ஒன்பது மாதங்கள் பிரிந்திருக்க வேண்டும். எது ஞானம், எது அவிசுவாசம் என்று எளிதில் பிரித்துச் சொல்லிவிட முடியாத கேள்வி இது.

இங்கே ஒரு காரியத்தைச் சபையார் அனைவருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டில் தகுதியும் பதிவும் இல்லாதவர் ஒருவருடைய குடிவரவு வழக்கைப் பற்றி ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். பணம் வாங்காமல் சொன்னாலும் அப்படித்தான். போதகருக்கும் மூப்பருக்கும் இதில் விலக்கு இல்லை. ஆகவே நான் அந்த மகளுக்கு முடிவு எதையும் சொல்லவில்லை. இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவுபெற்ற ஓர் ஆலோசகரிடம் அவளை அனுப்பினேன். போகும்போது துணையாக என் துணைவியார் சென்றார். போதகர் செய்யத்தக்கது இவ்வளவே: ஜெபிப்பது, உடன் செல்வது, நம்பத்தகுந்தவரிடம் சேர்ப்பது. வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளை நம்பி வாழ்க்கையைத் தீர்மானிக்காதிருங்கள் என்று நான் அடிக்கடி சொல்வதன் காரணமும் இதுவே. இங்குள்ள விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. உங்கள் அண்ணனுக்கு 2022இல் பொருந்திய விதி உங்களுக்கு இன்று பொருந்தாமற் போகலாம்.

ஆலோசகரைக் கண்டு வந்த பின் கணவனும் மனைவியும் ஒரு வாரம் யோசித்தார்கள், ஜெபித்தார்கள். முதலில் அவளுடைய விசாவை நீட்டிப்பது, அது கைக்கு வந்த பின் கணவர் விண்ணப்பிப்பது என்று தீர்மானித்தார்கள்.

பிரியமானவர்களே, இந்தத் தீர்மானத்தைக் கேட்டபோது எனக்கு ரூத்தின் சரித்திரம் நினைவுக்கு வந்தது. நாம் அதை ஓர் அழகான அன்பின் கதையாக வாசிக்கிறோம். வயலையும் களத்தையும் நினைவில் வைக்கிறோம். ஆனால் அந்தப் புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் போவாஸ் செய்வது என்ன? அவன் ஊர்வாசலுக்குப் போய் உட்காருகிறான். தன்னைவிட நெருங்கிய உரிமையுள்ள உறவினனை அழைக்கிறான். ஊர் மூப்பர் பத்துப் பேரைச் சாட்சிகளாக அமரச் செய்கிறான். நிலத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறான். பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிற அக்கால வழக்கத்தின்படி காரியம் உறுதி செய்யப்படுகிறது. அயல்நாட்டாளாகிய ஒரு பெண் ஒரு குடும்பத்தில் சேர்க்கப்பட வேண்டுமானால், அது சாட்சிகளுக்கு முன்பாக, முறைப்படி, குறைவில்லாமல் செய்யப்பட வேண்டும் என்று போவாஸ் கருதினான். அவளை நேசித்தபடியினாலேயே முறையை அலட்சியம் பண்ணவில்லை. படிவங்களை நிரப்புவதும் பத்திரங்களைத் தேடுவதும் ஆவிக்குரிய வாழ்வுக்குப் புறம்பான வேலை என்று எண்ணுகிறவர்கள் அந்த ஊர்வாசலைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த மாதங்களில் அவர்கள் செய்த ஆயத்தங்களையும் சொல்லுகிறேன். முதலாவது, திருமணச் சான்றிதழ். நம்முடைய ஆலயங்களில் நடக்கிற திருமணங்கள் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவேட்டில் எழுதப்படுகின்றன. இதனோடு, தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 2009ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது. ஆலயத்தில் கையெழுத்திட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். பிறகு இங்கிருந்து தொலைபேசியில் தவிக்கிறார்கள். திருமணத்துக்காக ஊருக்குப் போகிற பிள்ளைகளே, சான்றிதழ் கையில் வந்த பின் விமானம் ஏறுங்கள். அதில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏனெனில் பெயர் நமக்கு ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரின் முதல் எழுத்தே இருக்கிறது. கடவுச்சீட்டில் அந்த எழுத்து தகப்பனாரின் முழுப் பெயராக விரிகிறது. ஆகவே மனைவியின் ஆவணத்தில் அவள் தகப்பனாரின் பெயர். கணவரின் ஆவணத்தில் அவர் தகப்பனாரின் பெயர். நமக்கு இது இயல்பு. ஆனால் வேறொரு வழக்கத்தில் வளர்ந்த அதிகாரி ஒருவர் பார்க்கும்போது, இவ்விருவருக்கும் பொதுவான பெயரே இல்லையே என்று தோன்றலாம். ஆகவே அந்தத் தம்பி தமிழ்ப் பெயர் வழக்கத்தை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதித் தம் ஆவணங்களோடு சேர்த்தார். தமிழில் இருந்த ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்தார்கள்.

அடுத்தது, பராமரிப்புப் பணம். இந்நாட்டில் ஓராண்டுக்குக் குறையாமல் முறையான விசாவில் இருந்தவர், நீட்டிப்பின்போது தமக்கென்று இருப்புத் தொகை காட்ட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வருகிற துணைவருக்காக 285 பவுண்டு, தொடர்ச்சியாக 28 நாட்கள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். அல்லது வேலை தருகிற நிறுவனமே அந்தப் பொறுப்பை ஏற்றுச் சான்று அளிக்கலாம். தொகை சிறியதுதான், ஆனால் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பத்துக்கு ஆபத்து. அவள் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நாட்காட்டியில் நாட்களை எண்ணினாள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு மூன்று ஆண்டுவரை ஒருவருக்கு 304 பவுண்டு. சுகாதாரக் கட்டணம் அவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் இல்லை. ஆனால் நம் சபையில் கணினித் துறையில் பணிபுரிகிற குடும்பங்களின் நிலை வேறு. 2025 ஏப்ரல் நிலவரப்படி, இங்கிருந்தே மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கும்போது ஒருவருக்கு விசாக் கட்டணம் 885 பவுண்டு. அதற்குமேல் சுகாதாரக் கட்டணம் ஆண்டொன்றுக்கு 1,035 வீதம் 3,105 பவுண்டு. கணவன் மனைவி இருவருக்குமாகக் கூட்டினால் 7,980 பவுண்டு. இத்தொகையை ஒரே நாளில் செலுத்த வேண்டும். விசா முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதை யோசிக்கத் தொடங்குகிறவர்கள் கடனில் விழுகிறார்கள். விசா கிடைத்த மாதத்திலிருந்தே சிறுகச் சிறுக ஒதுக்கி வையுங்கள். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கும் நிறுவனம் செலுத்த வேண்டிய திறன் கட்டணத்துக்கும் உங்களிடம் எவராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாமல், பதிவுபெற்ற ஆலோசகரிடம் போங்கள். அவை நிறுவனத்தின் செலவுகள், தொழிலாளியின்மேல் சுமத்தலாகாது.

இப்படியெல்லாம் ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்கையில், ஊரிலிருந்து வேறொரு காற்று வீசியது. "பெண்டாட்டி விசாவில் போய், பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறான்" என்று உறவினர் ஒருவர் ஒரு திருமண வீட்டில் பேசியிருக்கிறார். அது அந்தத் தம்பியின் காதில் விழுந்தது. அவருடைய தகப்பனாரும் மனம் தளர்ந்துபோனார். "நீ இங்கே வாத்தியாராக மரியாதையோடு இருக்கிறாய். அங்கே போய் யாராக இருப்பாய்?" என்று மகனிடம் கேட்டாராம். ஒருநாள் இரவு அந்த மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஐயா, அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரமாக விசாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அமைதியாகிவிடுகிறார்" என்று சொல்லி அழுதாள்.

நான் பேசுவதற்குமுன் என் துணைவியார் அவளுடைய கைப்பேசியை வாங்கி, அந்தத் தம்பியோடு பேசலானார். நாங்கள் இந்நாட்டுக்கு வந்தது எனக்குக் கிடைத்த போதக ஊழிய விசாவில். என் துணைவியார் பாளையங்கோட்டையில் பதினொரு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரும் 'சார்ந்திருப்பவர்' என்ற பெயரோடுதான் வந்தார். அவர் அன்று சொன்னதை நானும் முதன்முறையாகக் கேட்டேன்.

"தம்பி, நான் வந்த முதல் குளிர்காலத்தில் பேருந்துக்குக்கூட ஐயாவிடம்தான் பணம் கேட்பேன். பதினொரு வருஷம் சொந்தச் சம்பளம் வாங்கினவள் நான். கேட்கிறதற்குக் கூச்சப்பட்டுச் சில நாள் நடந்தே போயிருக்கிறேன். ஐயாவுக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் இங்கே பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலை கிடைத்தது. இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த ஒரு வருஷம் கேட்டு வாங்கினதில் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. கூச்சப்பட்டு நடந்த நாட்கள்தான் வீண். நீங்கள் ஆண்பிள்ளை என்பதால் இது உங்களுக்கு மட்டும் வேறாக இருக்க வேண்டுமா?"

அந்தத் தம்பி வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "இல்லை அம்மா" என்றார்.

அந்த இரவில் நான் அதிகமாக யோசித்தேன். மனைவி கணவனைச் சார்ந்து வந்தால் அதைக் குடும்பம் என்கிறோம். கணவன் மனைவியைச் சார்ந்து வந்தால் அதை வெட்கம் என்கிறோம். இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? நம் தாய்மார்களும் மனைவிமார்களும் தங்கள் ஊரையும் வேலையையும் பெயரையும் விட்டு எத்தனையோ தலைமுறைகளாக வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது "அங்கே போய் நீ யாராக இருப்பாய்?" என்று நாம் கேட்டதுண்டா? இந்தக் கேள்வியை அந்தத் தம்பிக்காக மட்டும் எழுதவில்லை. நம் சபையின் ஆண்கள் அனைவருக்காகவும் எழுதுகிறேன்.

உண்மையில் சட்டமும் அந்த உறவினர் நினைத்ததுபோல் இல்லை. இந்த விசாவில் சார்ந்து வருகிற துணைவர் இங்கே வேலை செய்யலாம்; சொந்தத் தொழில் நடத்தலாம்; படிக்கலாம். தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ பணியாற்றக் கூடாது என்பது போன்ற சில விலக்குகளே உண்டு. அரசாங்கத்தின் பெரும்பாலான உதவித்தொகைகளை மட்டும் பெற இயலாது. ஆகவே அவர் உட்கார்ந்து சாப்பிடவே வருகிறார் என்பது பொய். சில மாதங்கள் அப்படியே இருக்க நேர்ந்தாலும் அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்னும் சகோதரியைப் பற்றி எழுதுகிறான். கெங்கிரேயா ஊர்ச் சபையில் ஊழியம் செய்தவள் அவள். அவளை ஏற்றுக்கொண்டு, அவளுக்குத் தேவையான உதவியைச் செய்யும்படி அந்நியமான ஒரு பட்டணத்தின் விசுவாசிகளைக் கேட்டுக்கொள்கிறான். அங்கே அவள் மற்றவர்களுடைய தயவைச் சார்ந்து போய் நிற்கிறவள். ஆனால் அதே இடத்தில், அவள் அநேகருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்றும் பவுல் சாட்சி கொடுக்கிறான். ஒரு பட்டணத்தில் பலரைத் தாங்கினவள், மற்றொரு பட்டணத்தில் பிறரால் தாங்கப்படுகிறாள். இவ்விரண்டும் ஒரே வாழ்க்கையில் நடக்கக்கூடியவை.

நவம்பர் மாதத்தில் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது. வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் அவள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள். வழக்கமாக எட்டு வாரங்களுக்குள் முடிவு வரும். கூடுதலாக 500 பவுண்டு செலுத்தினால் ஐந்து வேலை நாட்களில் முடிவு கேட்கலாம். கணவருடைய பயணச்சீட்டுக்கு வைத்திருந்த பணத்தைத் தொட வேண்டாம் என்று அவள் வழக்கமான வழியையே தேர்ந்தெடுத்தாள். அது நியாயமான தீர்மானந்தான்.

டிசம்பர் நடுவில் அவளுடைய ஆச்சி காலமானார்கள். தாய் வேலைக்குப் போன காலத்தில் அவளை வளர்த்தவர்கள் அந்த ஆச்சி. செவிலியர் படிப்புக்குத் தம் காதுக் கம்மலை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர்கள். செய்தி வந்தபோது அவள் மருத்துவமனையில் பணியில் இருந்தாள்.

இங்கே விதி கடுமையானது. நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில், முடிவு வருவதற்குமுன் பொதுப் பயணப் பகுதி எனப்படும் எல்லையை, அதாவது இந்நாடு, அயர்லாந்து, மேன் தீவு, சேனல் தீவுகள் ஆகியவற்றை விட்டு வெளியே போனால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். அவள் போயிருந்தால் நீட்டிப்பு இல்லை. அவளுக்கு நீட்டிப்பு இல்லாவிட்டால் கணவருக்கும் வழி இல்லை. அவள் போகவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டு முன்னறையில் சபையார் பதினான்கு பேர் கூடினோம். ஊரில் மறுநாள் காலை அடக்க ஆராதனை. இங்கே அப்போது அதிகாலை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கைப்பேசியைப் புத்தகங்களின்மேல் சாய்த்து வைத்து, அந்தச் சிறு திரையில் கல்லறைத் தோட்டம்வரை உடன் போனோம். ஊரில் பாடிய பாட்டை இங்கேயும் பாடினோம். சத்தம் முன்னும் பின்னுமாக வந்தது. பெட்டியின் அருகே அவளுடைய கணவர் நின்றுகொண்டிருந்தார். பேத்தி இட வேண்டிய மண்ணை அவர் இட்டார். முன்பு "யாராக இருப்பாய்?" என்று கேட்ட தகப்பனார், மகனுக்குப் பின்னால் நின்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் பணத்துக்காக ஆச்சியை விட்டுவிட்டேனா?" என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்விக்கு வசனத்தை எடுத்துச் சொல்லி அவள் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. "இல்லை, மகளே. உன் வீட்டைக் கட்டுவதற்காக இங்கே நின்றாய். ஆச்சி கம்மலைக் கொடுத்ததும் அதற்காகத்தான்" என்று மட்டும் சொன்னேன். அந்தத் துக்கம் அதனால் தீர்ந்துவிடவில்லை. இன்றும் இருக்கிறது. புலம்பெயர்ந்த வாழ்க்கையின் விலை படிவங்களில் எழுதியிருக்கிற பவுண்டுகள் மட்டுமல்ல என்பதை அன்று அந்த அறையிலிருந்த எல்லாரும் அறிந்துகொண்டோம்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் அவளுடைய பழைய விசாவின் தேதி கடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. "நான் இப்போது காலாவதி ஆகிவிட்டேனா, ஐயா?" என்று சிரிக்க முயன்றபடி கேட்டாள். இல்லை. விசா முடிவதற்குமுன் முறையாக விண்ணப்பித்தவர்களுக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடர்கிறது. 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. கையில் தேதி முடிந்த அனுமதி. ஆனாலும் சட்டம் தாங்குகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் அவள் அப்படியே வேலைக்குப் போய்வந்தாள். பின்பு நீட்டிப்பு வந்தது.

கணவர் உடனே காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னைக்குப் புறப்பட்டார். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த சான்றிதழைக் காட்ட வேண்டும். அதன் ஆயுள் ஆறு மாதம். கைரேகை கொடுத்து, ஆவணங்களைச் சமர்ப்பித்து, மூன்று வாரத்தில் அவருக்கு விசா கிடைத்தது. அவருடைய விசாவும் மனைவியின் விசா முடிகிற நாளிலேயே முடிகிறது. நிரந்தர வதிவிடத்துக்கான ஆண்டுக் கணக்கு மட்டும் அவருக்கு மனைவியின் 2023இலிருந்து அல்ல, அவருடைய சொந்த விசாவிலிருந்தே தொடங்கும். அந்த ஆண்டுகளை அதிகரிக்கும் யோசனையை அரசாங்கம் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. இதைக் குறித்துக் கவலைப்படுகிறவர்கள் பதிவுபெற்ற ஆலோசகரிடம் கேட்டறியுங்கள்.

இவ்வளவு சந்தோஷமாக எழுதிவிட்டு ஒரு காரியத்தை மறைத்துவிட்டால் நான் உண்மையுள்ள போதகனாக இருக்க மாட்டேன். நம் சபையில் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிற சகோதரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவியும் நான்கு வயதுப் பெண்குழந்தையும் ஊரில் இருக்கிறார்கள். 2024 மார்ச் 11 முதல், பராமரிப்புப் பணியாளராக இந்த விசாவில் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர இயலாது என்று விதி மாறியது. அவர் அந்தத் தேதிக்குப் பின் சில வாரங்கள் கழித்து வந்தவர். முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்க வைக்கிற வேலை அவருடையது. செவிலியரின் உழைப்புக்கு அது குறைந்ததல்ல. ஆயினும் ஒருவருக்குத் திறந்த வாசல் மற்றவருக்குத் திறக்கவில்லை.

அவரிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. தயவுசெய்து நீங்களும் அப்படிச் சொல்லாதிருங்கள். விசுவாசம் குறைந்ததால் வாசல் அடைபட்டது என்று ஒருவரும் எண்ண வேண்டாம். விசா கிடைத்தவர் அதிக விசுவாசி அல்லர். கிடைக்காதவர் குறைந்த விசுவாசியும் அல்லர். நன்றி செலுத்துதலின் காணிக்கையைக் கொண்டுவருகிற ஞாயிற்றுக்கிழமையில், அதே வரிசையில் ஒருவர் தம் குழந்தையின் புகைப்படத்தை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு சாட்சி சொல்லுங்கள். சாட்சி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அந்த மகள் இதைத் தானே உணர்ந்திருந்தாள். கணவர் வருகிற செய்தியைச் சபையில் அறிவிப்பதற்குமுன் அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போய் முதலில் அவரிடம் சொன்னாள். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த விமானம், தங்கச்சி?" என்று கேட்டாராம். அந்த நாளில் தம் வேலை நேரத்தை வேறொருவரோடு மாற்றிக்கொண்டு, தம்முடைய பழைய காரில் அவளை ஹீத்ரோவுக்கு அழைத்துப் போனவர் அவரே. திரும்பி வரும்போது கணவனும் மனைவியும் பின் இருக்கையில் அமர்ந்திருந்தார்கள். அவர் வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு ஓட்டினார் என்று அந்தத் தம்பி என்னிடம் சொன்னார்.

ஆகவே சபையாரே, மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, விசா நீட்டிப்பும் குடும்பத்தை அழைப்பதும் உங்கள்முன் இருக்குமானால், தேதிகளை இன்றே எழுதி வையுங்கள், பணத்தை ஒதுக்குங்கள், தகுதியுள்ளவரிடம் ஆலோசனை கேளுங்கள். இரண்டாவது, சார்ந்து வந்திருக்கிற கணவரையோ மனைவியையோ "இங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வியோடு வரவேற்காதிருங்கள். முதல் ஆறு மாதத்துக்காவது "சாப்பிட வாருங்கள்" என்று அழையுங்கள். மூன்றாவது, குடும்பத்தைப் பிரிந்திருக்கிற ஒவ்வொருவரையும் ஒரு வீட்டார் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு மதிய உணவு அவர்களுக்கு அந்த வீட்டில் இருக்கட்டும். பெயர்ப் பட்டியல் ஆராதனைக்குப் பின் என் துணைவியாரிடம் கிடைக்கும்.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் ஒருவரும் எங்கள் சொந்தப் பலத்தால் இந்நாட்டில் நிற்கவில்லை. உம்மையும் ஒருவரையொருவரையும் சார்ந்து நிற்கிறோம். வாசலில் காத்திருக்கிறவர்களோடு இரும். பிரிந்திருக்கிறவர்களின் இரவுகளைக் காத்தருளும். அடைபட்ட வாசலுக்குமுன் நிற்கிற எங்கள் சகோதரனுக்கு, அவர் மகளின் முகத்தைக் காணும் நாளைத் தாரும். அதுவரை நாங்கள் அவருக்கு வீடாயிருக்க எங்களைப் பழக்குவியும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்